எல்லைப்புறக் கதை, விண்கலக் கதை, யூத அறநெறி: சட்டம் என்ன சொல்கிறது, எழுத்து எங்கே சறுக்குகிறது?

மணல்மேடு (கேள்வி)

ஒரே யூதக் குடும்பத்தைத் தொடரும் இரண்டு குறுநாவல்கள். முதலாவது 1884இல், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பிரதேசத்தில் நடக்கிறது. இரண்டாவது, தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டே இருக்கும் ஒரு விண்கலத்தில்.

முதல் கதையின் உச்சக்காட்சி இது. வெள்ளிக்கிழமை மாலை, சபாத் (சனி இரவுவரை நீளும் யூத ஓய்வுநாள்) தொடங்கப் போகிறது. வணிக வண்டிகள் வெட்டவெளியில் நிற்கின்றன. ஆயுதக் கும்பல் ஒன்று வளைத்துக்கொண்டு, "உங்களில் ஒருவனைக் கொடுங்கள், மற்றவர்கள் போகலாம்" என்கிறது. கூட்டத்தில் இருக்கும் ரபி (யூத மத அறிஞர்) நூலைத் திறக்கிறார், ஒரு வசனம் சொல்கிறார், எல்லோருக்கும் வழி பிறக்கிறது. படித்துப் பார்த்தால் காட்சியில் உயிரே இல்லை. இந்தச் சூழலுக்குச் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? சபாத்தில் துப்பாக்கி எடுக்கலாமா? வழியில் சுட்ட மானைச் சாப்பிடலாமா?

இரண்டாவது கதையில், பத்துப் பேர் வேண்டிய பொது வழிபாட்டுக்கு ஒன்பது பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள். பத்தாவதாகப் பேசும் இயந்திர மனிதன் ஒருவன் இருக்கிறான். அவனைக் கணக்கில் சேர்க்கலாமா? சூரியன் மறையாத இடத்தில் சபாத் எப்போது வரும்? பொறியில் உருவாக்கிய இறைச்சி கோஷரா (யூதச் சட்டப்படி உண்ணத் தக்கதா)?

மெழுகுவர்த்தி, தொப்பி, இரண்டு எபிரேயச் சொல் என்று ஒப்பனை செய்து முடித்துவிடக் கூடாது. அதனால்தான் இவ்வளவு கேட்கிறேன்.

ஏட்டுச்சுவடி

உங்கள் காட்சியில் நூல் பதில் சொல்லிவிடுகிறது, அதனால்தான் அது படுத்துவிடுகிறது. இதே காட்சி, யூதச் சட்ட விவாதத் தொகுப்பான எருசலேம் தல்மூத்தில், தெரூமோத் பகுதியின் எட்டாம் அதிகாரத்தில் கிட்டத்தட்ட வரிக்கு வரி இருக்கிறது. அங்கே பதில் கிடைத்த பிறகும் விவாதம் ஓயவில்லை.

சட்டம் இது. வழியில் போகும் கூட்டத்தை மறித்து, "ஒருவனைக் கொடுங்கள், கொல்வோம், இல்லையென்றால் எல்லோரையும் கொல்வோம்" என்றால், எல்லோரும் செத்தாலும் ஓர் உயிரைக் கொடுக்கக் கூடாது. ஆனால் அவர்களே ஒருவனைப் பெயர் சொல்லிக் கேட்டால், பிக்கிரியின் மகன் சேபாவைக் கேட்டதுபோல, அவனைக் கொடுக்கலாம். சேபா கதை 2 சாமுவேல் 20இல் வருகிறது: தாவீதுக்கு எதிராகக் கிளம்பியவன் ஆபேல் என்ற ஊருக்குள் ஒளிகிறான், யோவாப் முற்றுகையிடுகிறான், ஊரின் அறிவுள்ள பெண் ஒருத்தி பேசி முடிக்கிறாள், சேபாவின் தலை மதிலுக்கு வெளியே வந்து விழுகிறது.

இங்கேதான் இரண்டு அறிஞர்கள் பிரிகிறார்கள். பெயர் சொன்னால் மட்டும் போதாது, அவன் சேபாவைப் போலவே மரண தண்டனைக்கு உரியவனாகவும் இருக்க வேண்டும் என்கிறார் ரேஷ் லகீஷ். பெயர் சொன்னாலே போதும் என்கிறார் ரபி யோகனான். பின்னாளில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் தன் சட்டத் தொகுப்பில் ரேஷ் லகீஷ் பக்கம் சாய்ந்தார். சாய்ந்துவிட்டு இன்னொன்றையும் சேர்த்தார்: கொடுக்கலாம், ஆனால் எடுத்த எடுப்பில் அப்படிக் கற்றுக்கொடுப்பதில்லை. ஒரு சட்டத் தொகுப்பில் இப்படியொரு வாக்கியம் நிற்பது எவ்வளவு அபூர்வம் என்று யோசித்துப் பாருங்கள். அனுமதியும் தயக்கமும் ஒரே மூச்சில் வருகின்றன. உங்கள் ரபியின் வாயில் வர வேண்டியது அந்தத் தயக்கம்.

அடுத்து அதே இடத்தில் ஒரு நிகழ்ச்சி. அரசு தேடிய உல்லா பர் கோஷேவ் என்பவன் லோத் நகரில் ரபி யோசுவா பென் லேவியிடம் அடைக்கலம் புகுகிறான். படை ஊரைச் சூழ்கிறது: அவனைத் தராவிட்டால் ஊரை அழிப்போம். ரபி அவனிடம் பேசி, இணங்க வைத்து, ஒப்படைக்கிறார். அதுவரை அவருக்குத் தோன்றிவந்த எலியா தீர்க்கதரிசி தோன்றுவதை நிறுத்திவிடுகிறார். ரபி பல நாள் நோன்பு இருந்த பிறகு வந்து, காட்டிக்கொடுப்பவர்களுக்கா நான் காட்சி தருவேன் என்று கேட்கிறார். நான் சட்டப்படிதானே செய்தேன் என்கிறார் ரபி. அதற்கு எலியா சொன்னது: "அது பக்தர்களுடைய சட்டமா?"

ரபி செய்தது தப்பில்லை, ஆனாலும் அவர் ஒன்றை இழந்தார். ஊர் பிழைத்தது, எலியா வரவில்லை. ஊகப்புனைவு எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல அச்சு கிடைக்காது. ஒரு விதியை முழுதாகக் கடைப்பிடித்த பிறகும் பாத்திரத்தின் கையில் தீராத பாக்கி ஒன்று நிற்க வேண்டும்.

காட்சியைத் திருத்தும் விதம்: கும்பல் முதலில் யாரையும் பெயர் சொல்லாமல் கேட்கட்டும். அப்போது சட்டம் தெளிவு, கொடுக்கக் கூடாது. பிறகு யாரோ வாய்தவறிப் பையனின் பெயரைச் சொல்லிவிட, கும்பல் அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்ளட்டும். பெயர் விழுந்த நொடியில் சட்டத்தின் தரை நகர்ந்துவிடுகிறது. பெயரை உச்சரித்தவன் கும்பலைவிடக் குற்றவாளியா என்ற கேள்வி அந்த இரவு முழுக்க வண்டிகளுக்கு நடுவே நடக்கலாம். அந்தப் பையன் எதற்காவது மரணத்துக்கு உரியவனா என்பதில் ரேஷ் லகீஷ் கட்சியும் யோகனான் கட்சியும் தாமாகவே உருவாகும்.

இன்னொரு பொறி வேண்டுமானால் தல்மூத்தின் பாவா மெட்சியா பகுதியில் வரும் தண்ணீர்க் குடுவை. பாலைவனத்தில் இருவர், ஒருவன் கையில் மட்டும் தண்ணீர். இருவரும் குடித்தால் இருவரும் சாவார்கள், ஒருவன் குடித்தால் ஊர் சேருவான். இருவரும் குடித்துச் சாகட்டும், ஒருவன் மற்றவன் சாவைப் பார்க்க வேண்டாம் என்றார் பென் பெத்தூரா. "உன் சகோதரன் உன்னோடு பிழைக்கும்படி" என்ற லேவியராகம வசனத்தை வைத்து, உன் உயிர் முந்தியது என்றார் ரபி அக்கிவா. இதில் எழுத்தாளர்கள் அடிக்கடி தவறவிடுவது, குடுவை யாருடையது என்பதைத்தான். அக்கிவாவின் தீர்ப்பு குடுவையை ஏற்கெனவே கையில் வைத்திருப்பவனுக்கு. மற்றவன் அதைப் பறிக்க அனுமதி அதில் இல்லை. விண்கலத்தில் ஆக்சிஜன் உருளைக்கும் இதே கணக்கு.

உப்புக்கல்

1884 பகுதிக்கு என்னால் ஆன விவரங்கள்.

முதலில் உங்கள் ரபி. அந்தக் காலத்து மேற்குப் பகுதியில் பட்டம் பெற்ற ரபி வண்டிக் கூட்டத்தோடு வருவது மிக அபூர்வம். நியூ மெக்சிகோவில் இருந்த யூதர்கள் பெரும்பாலும் ஜெர்மன் நிலப்பகுதிகளிலிருந்து வந்த வணிகர்கள். முதுகு மூட்டையோடு தொடங்கி, வண்டி வாங்கி, பிறகு கடை வைத்தவர்கள். அந்தப் பிரதேசத்தின் முதல் யூதச் சபை லாஸ் வேகாஸ் என்ற ஊரில் 1884இல்தான் உருவானது (சூதாட்டத்துக்குப் பெயர்போன நெவாடா நகர் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). ஆகவே உங்கள் கூட்டத்தில் எபிரேயம் படிக்கத் தெரிந்த ஒரு வணிகர் இருக்கட்டும், போதும். பெட்டியில் ஷ்லோமோ கான்ஸ்ஃப்ரீடின் சுருக்கக் கைநூல், 1864இல் வெளிவந்தது, இருக்கலாம். மிஷ்னா பெரூரா என்ற சட்ட விளக்க நூல் இருக்கக் கூடாது, அதன் முதல் பகுதியே 1884இல்தான் போலந்துப் பக்கம் அச்சாகிறது. அன்றாடச் சடங்குக்கான கைநூல் மட்டும் கையில் இருக்க, கேள்வி உயிர் பற்றியதாக வந்து நிற்பது உங்கள் காட்சிக்கு நல்லதே. படிப்பு போதாத ஒருவர் நினைவிலிருந்து சட்டம் சொல்ல வேண்டிவரும்.

எல்லோரும் ஒரே அளவு கட்டுப்பாடு உள்ளவர்களாகவும் எழுதிவிடாதீர்கள். 1883இல் சின்சினாட்டியில், அமெரிக்க யூதக் கல்லூரி ஒன்றின் முதல் ரபிகள் பட்டம் பெற்ற விருந்திலேயே நண்டும் இறாலும் தவளைக் காலும் பரிமாறப்பட்டன. 1885இல் சீர்திருத்த ரபிகளின் பிட்ஸ்பர்க் அறிக்கை உணவுச் சட்டங்களைக் காலம் கடந்தவை என்றது. உங்கள் வண்டிகளில் ஒருவன் பன்றி தின்பவனாகவும், அவன் அண்ணன் மூன்று வாரமாக இறைச்சியே தொடாதவனாகவும் இருந்தால்தான் அது 1884.

மானைப் பற்றி: மான் கோஷர் இனம்தான். குளம்பு பிளந்தது, அசைபோடுவது. காட்டெருமையும் அப்படியே. ஆனால் சுட்டுக் கொன்றால் இனம் எதுவானாலும் உண்ணத் தகாது. உயிரோடு பிடித்து, பல் விழாத கத்தியால் கழுத்தை இடைநிறுத்தாமல் அறுக்க வேண்டும். அறுப்பதற்கு முன்னும் பின்னும் கத்தியின் விளிம்பை நகத்தாலும் விரல் சதையாலும் தடவிப் பார்க்க வேண்டும். மயிரிழைப் பல் தட்டுப்பட்டாலும் அறுப்பு செல்லாது. மான், பறவை என்றால் சிந்திய ரத்தத்தை மண்ணால் மூட வேண்டும். காட்டெருமை வீட்டு விலங்கு வகையா காட்டு வகையா என்று முடிவாகாததால் மூடுவார்கள், ஆசிமொழி சொல்ல மாட்டார்கள். நுரையீரலைச் சோதிக்க வேண்டும், தொடை நரம்பை எடுக்க வேண்டும், காட்டெருமை என்றால் அதே சந்தேகத்தால் விலக்கப்பட்ட கொழுப்பையும் எடுக்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் நீரில் ஊறவைத்து, எல்லாப் பக்கமும் கல்லுப்புப் போட்டு ஒரு மணி நேரம் சரிவான பலகையில் வடியவிட்டு, மூன்று முறை கழுவ வேண்டும். தண்ணீர் அளந்து குடிக்கும் பாதையில் இது நடக்காத காரியம். அதனால்தான் கட்டுப்பாடானவர்கள் மாதக்கணக்கில் ரொட்டி, அவரை, முட்டை, உலர்ந்த பழம் என்றே ஓட்டினார்கள். பட்டினி உயிரைத் தொட்டால் சுட்ட மானும் தின்னலாம், தின்றே ஆக வேண்டும். அந்தக் கட்டத்தில் மறுப்பது பக்தி ஆகாது.

ஊருக்கு முதலில் வருவது ஜெபாலயம் என்று நினைக்க வேண்டாம், கல்லறை நிலம். லாஸ் ஏஞ்சலிஸில் 1854இல் எபிரேய நல்வாழ்வுச் சங்கம் தொடங்கியபோது முதல் வேலை அடக்கத்துக்கு நிலம் பெறுவது. உடலைக் கழுவி, பை வைக்காத வெள்ளைத் துணி உடுத்தி, அடக்கும்வரை ஆள் காவல் இருந்து, முடிந்தால் அன்றே புதைப்பார்கள். சபாத்தில் புதைப்பதில்லை. வெள்ளி மாலை ஒருவன் செத்தால் சனி இரவுவரை உடலோடு காத்திருக்கும் காட்சி உங்களுக்குக் கிடைக்கிறது.

புறப்படும் கிழமையையும் கவனியுங்கள். வழியில் சபாத்தை மீற வேண்டிவரும் என்று தெரிந்த பாலைப் பயணத்தை ஞாயிறு, திங்கள், செவ்வாயில் தொடங்கலாம், புதன் முதல் கூடாது. வியாழக்கிழமை கிளப்பியவர் யார், எந்த அவசரத்தில் என்பதிலேயே ஒரு பழி முளைக்கும். சபாத் நடுவழியில் பிடித்துவிட்டால் பணப்பையை யூதரல்லாத துணையிடம் தர வேண்டும். அவரும் இல்லையென்றால் கழுதை மேல். எதுவும் இல்லையென்றால் நான்கு முழத்துக்குள் நின்று நின்று நகர்த்த வேண்டும். தங்கிய இடத்திலிருந்து 2000 முழம், ஏறக்குறைய 1 கிலோமீட்டர், அதற்கு மேல் நடக்கக் கூடாது. உயிர் ஆபத்து என்றால் இவை அத்தனையும் ஒதுங்கிவிடும்.

வடதுருவம்

விண்கலப் பகுதிக்கு வருகிறேன்.

இயந்திர மனிதனைப் பற்றிய கேள்வி 300 ஆண்டுக்கு முன்பே எழுத்தில் கேட்கப்பட்டது. போலந்தின் ஹெல்ம் நகர ரபி எலியா களிமண்ணில் கோலெம் என்ற உயிர்பெற்ற உருவம் செய்தார் என்று ஒரு மரபுக் கதை. அவருடைய வழித்தோன்றல் ஹாகாம் ட்ஸ்வி (1718இல் இறந்தவர்) தன் பதில்கள் தொகுப்பில், இப்படி உருவான ஆளைப் பத்துப் பேரில் ஒருவனாக எண்ணலாமா என்று ஆராய்கிறார். ஆதாரம் தல்மூத்தின் சன்ஹெத்ரின் பகுதி, 65ஆம் ஏடு: ராவா ஒரு மனிதனை உருவாக்கி ரபி செய்ராவிடம் அனுப்பினார். செய்ரா பேசினார், பதில் வரவில்லை. "நீ தோழர்கள் செய்தவன், உன் மண்ணுக்குத் திரும்பு" என்றார், அவன் மண்ணானான். ஹாகாம் ட்ஸ்வியின் வாதம்: பத்தில் ஒருவனாக நிற்கும் பயனாவது அவனுக்கு இருந்திருந்தால் செய்ரா அழித்திருக்க மாட்டார். அழித்தார், எனவே எண்ண முடியாது. அழித்தது கொலையும் ஆகாது, ஏனென்றால் ஆதியாகமம் 9:6ஐ "மனிதனுக்குள் உருவான மனிதனின் ரத்தம்" என்று வாசித்தால் அது கருப்பையில் உருவானவனையே குறிக்கும்.

இந்தக் கடைசி வரியில் ஒரு நாவலே இருக்கிறது. உங்கள் கலத்தில் குழந்தைகள் செயற்கைக் கருப்பையில் பிறக்கிறார்களா? அப்படியானால் இயந்திரனை வெளியே நிறுத்த ஒருவர் இந்த வாதத்தை எடுத்த கணத்தில், ஒன்பது பேரில் பாதிப்பேர் கால் ஊன்றிய தரையும் போய்விடும். எதிர்வாதமும் மரபிலேயே இருக்கிறது. செய்ராவின் சோதனை பேச்சு. "ஜீவாத்துமா" என்ற ஆதியாகமம் 2:7இன் சொல்லை அரமேய மொழிபெயர்ப்பான ஒன்கெலோஸ் "பேசும் ஆவி" என்றே தருகிறது. ராவாவின் ஆள் பதில் சொல்லவில்லை, உங்கள் இயந்திரன் சொல்கிறான். என் சாய்வு, கதை அவனைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. அவனே தன்னை எண்ண வேண்டாம் என்று சட்டம் காட்டி வாதாடட்டும், மற்றவர்கள் அவன் வாதாடும் அழகைக் கண்டு தடுமாறட்டும்.

அதற்கு முன் ஒன்பது பேர் யார் என்பதை முடிவு செய்யுங்கள். ஆர்த்தடாக்ஸ் முறையில் 13 வயது நிறைந்த ஆண்கள் மட்டும். சீர்திருத்த முறையில் பெண்களும் சேர்வார்கள், அமெரிக்கக் கன்சர்வேடிவ் இயக்கமும் 1973இல் அனுமதித்தது. பெண்கள் நிறைந்த கலத்தில் பத்தாவது ஆளுக்கு இயந்திரனைத் தேடினால் வாசகர் அதைத்தான் முதலில் கேட்பார்.

இனி சபாத். தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஒரு சுற்றுக்குச் சுமார் 90 நிமிடம். ஏழு மறைவுக்கு ஒரு சபாத் என்றால் பத்தரை மணிக்கு ஒன்று வரும், அர்த்தமில்லை. இஸ்ரேலிய விண்வெளி வீரர் இலான் ரமோன் 2003இல் கொலம்பியா விண்ணோடத்தில் போவதற்கு முன் இதைக் கேட்டுத் தெளிந்தார். பூமியில் ஓர் ஊரின் கடிகாரத்தைப் பின்பற்றுவது என்பதே கிடைத்த வழி. வேர் இன்னும் பழையது. 18ஆம் நூற்றாண்டில் யாகோப் எம்டன் (ஹாகாம் ட்ஸ்வியின் மகன்தான்) துருவப் பகுதியில் 24 மணி வீதம் எண்ணச் சொன்னார். 19ஆம் நூற்றாண்டில் இஸ்ராயேல் லிப்ஷிட்ஸ் புறப்பட்ட ஊரின் நேரத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

தலைமுறைக் கலத்தில் "புறப்பட்ட ஊர்" என்பதே தகராறு. நான்காம் தலைமுறைக்கு அந்த ஊர் ஒரு பெயர் மட்டும். ஒளிவேகத்துக்கு அருகில் போனால் பூமியின் நேரமும் கலத்தின் நேரமும் வேறாகும். செவ்வாயில் குடியேறினால் கணக்கு இன்னும் கூர்மை. அங்கே ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் 35 விநாடி. ஏறக்குறைய 36 செவ்வாய் நாளில் பூமிக் கணக்கு ஒரு நாள் விலகும், 255 நாளில் இரண்டு சபாத்தும் மறுபடி ஒன்றின்மேல் ஒன்று விழும். உள்ளூர் மறைவை எண்ணும் சபையும் எருசலேம் கடிகாரத்தை எண்ணும் சபையும் ஒரே குடியிருப்பில் இருந்தால், பெரும்பாலான வாரங்களில் ஒருவர் வேலை செய்கையில் மற்றவர் ஓய்வில் இருப்பார். இது கற்பனைக்காக இட்டுக்கட்டியது என்று நினைக்காதீர்கள். 1941இல் ஜப்பானின் கோபேயில் சிக்கியிருந்த யூத அகதிகளுக்குத் தேதிக்கோடு எங்கே என்ற தகராறில் யோம் கிப்பூர் (பாவமன்னிப்பு நாள்) நோன்பு புதன்கிழமை என்றும் வியாழக்கிழமை என்றும் இரண்டு பதில் வந்தன. வியாழன் என்றவர் ஹாசோன் இஷ் என்று அறியப்பட்ட சட்ட அறிஞர்.

எண்ணிக்கையே தொலைந்துபோனால்? தல்மூத்தின் ஷபாத் பகுதி 69ஆம் ஏட்டில் வழி இருக்கிறது. பாலைவனத்தில் நாள் மறந்தவன் ஆறு நாள் எண்ணி ஏழாவதைக் காக்க வேண்டும் என்றார் ரவ் ஹூனா, முதலில் ஒன்றைக் காத்துப் பிறகு ஆறு எண்ண வேண்டும் என்றார் ஹியா பர் ரவ். ஹூனாவின் வழியே நிலைத்தது. ஆனால் எது உண்மைச் சபாத் என்று தெரியாததால் ஒவ்வொரு நாளும் அன்றைய உயிர்வாழ்வுக்கு வேண்டிய அளவு மட்டுமே வேலை செய்யலாம், ஏழாம் நாளிலும் அதே அளவு. ஏழாம் நாளைப் பிரித்துக்காட்டுவது தொடக்க, முடிவு ஆசிமொழிகள் மட்டும். நீள்துயிலிலிருந்து கடிகாரம் பழுதான கலத்தில் ஒருத்தி விழிக்கிறாள் என்றால், அவளுக்கு எல்லா நாளும் பாதிச் சபாத்.

இறைச்சி: வானத்திலிருந்து விழுந்த இறைச்சி பற்றி சன்ஹெத்ரின் 59ஆம் ஏட்டில் ஒரு கேள்வி இருக்கிறது. ரபி ஷிமோன் பென் ஹலாஃப்தாவைச் சிங்கங்கள் மறித்தபோது இரண்டு தொடைகள் இறங்கின. ஒன்றைச் சிங்கம் தின்றது, மற்றதை அவர் பாடசாலைக்குக் கொண்டுபோய்த் தகுமா என்று கேட்டார். தகாதது எதுவும் வானிலிருந்து இறங்காது என்றார்கள். அணுவிலிருந்து கட்டும் பொறிக்கு இது வசதியான மேற்கோள். விலங்கின் செல்லை எடுத்து வளர்த்தது என்றால் கதை வேறு. உயிருள்ள விலங்கிலிருந்து எடுத்த சதையா என்ற கேள்வி எழும், அந்த விலக்கு எல்லா மனிதருக்கும் உரிய நோவாவின் ஏழு சட்டங்களில் ஒன்று. வேற்றுக்கோள் உயிர்களுக்கு என்ன சட்டம் என்று யாராவது விவாதிக்க வேண்டுமானால் தொடங்க வேண்டிய இடமும் அந்த ஏழுதான்.

கதவுநிலையில் மெசூசா (வேத வரிகள் எழுதிய சுருள்) வைத்து எழுதியிருந்தால் பாருங்கள்: கப்பலில் உள்ள அறைகளுக்கு மெசூசா கடமை இல்லை, தற்காலிக வசிப்பிடம் என்பதால். பிறந்து சாகும் இடமே கலம் என்றால் அது இன்னும் தற்காலிகமா? எந்தத் தலைமுறை முதல் மெசூசாவை அறைகிறது என்பதை வைத்தே, திரும்பிப் போகும் நம்பிக்கையை எப்போது விட்டார்கள் என்று சொல்லிவிடலாம்.

மணல்மேடு

மூவருக்கும் நன்றி. பையனைக் கொடுத்துவிடுகிறார்கள் என்று மாற்றப் போகிறேன். மூன்று கேள்விகள் மிச்சம். கும்பல் தலைவனை ஒருவன் பின்னால் துரத்திப் போய்ச் சுட்டால் அது சட்டப்படி சரியா? பையனின் உடலுக்கு யார் பொறுப்பு? பெயரை உச்சரித்தவர் இருபது ஆண்டு கழித்து மன்னிப்புத் தேடினால் மரபில் வழி உண்டா?

ஏட்டுச்சுவடி

துரத்திச் சுடுவது சரியில்லை. கொல்ல ஓடுகிறவனைத் தடுக்கக் கொல்லலாம் என்ற விதி உண்டு, ஆனால் அது தடுப்பதற்கு மட்டும். காலில் சுட்டு நிறுத்த முடியும்போது உயிரை எடுத்தால் அதுவே ரத்தப்பழி. செயல் முடிந்து அவன் திரும்பிப் போகும்போது அந்த விதி செத்துவிடுகிறது, மிச்சம் இருப்பது தண்டனை. தண்டனைக்கு 23 நீதிபதிகள், இரண்டு சாட்சிகள், செயலுக்கு முன் எச்சரிக்கை வேண்டும். அப்படி ஒரு மன்றம் இரண்டாம் ஆலயக் காலத்தோடு முடிந்துபோனது. எல்லைப்புறக் கதைகளில் சாதாரணமாக வரும் பழிதீர்க்கும் இறுதிச் சண்டை உங்கள் பாத்திரத்துக்குச் சட்டப்படி மூடப்பட்ட கதவு. அவன் சுடலாம், மனிதன்தானே. பக்கத்தில் இருப்பவர்கள் அதை வீரம் என்று சொல்ல மாட்டார்கள்.

சபாத்தில் துப்பாக்கி பற்றி யாரும் சொல்லவில்லை. யூதக் கிளர்ச்சியாளர்களான மக்கபேயர் காலத்தில், கி.மு. 167 அளவில், சபாத்தில் கையெடுக்காமல் ஏறக்குறைய 1000 பேர் செத்த பிறகுதான் மத்தத்தியாவின் கூட்டம் தற்காப்புக்குச் சண்டையிடுவது என்று முடிவெடுத்தது. பிறகு தல்மூத்தின் எருவின் பகுதி ஒரு வேறுபாடு செய்கிறது. உள்நாட்டு ஊரை எதிரி பணத்துக்காக வளைத்தால் சபாத்தை மீறக் கூடாது, உயிருக்காக என்றால் மீறலாம். எல்லையோர ஊர் என்றால், வைக்கோலுக்கும் பயிர்த் தாளுக்கும் வந்திருந்தாலும் ஆயுதத்தோடு வெளியே போகலாம். எல்லை விழுந்தால் உள்ளே வழி திறந்துவிடும் என்பது காரணம்.

இதோடு உடல் பற்றிய உங்கள் கேள்வியைச் சேர்த்துப் பாருங்கள். உபாகமம் 21: வெட்டவெளியில் கொலையுண்ட உடல் கிடந்தால், பெரியோர் சுற்றியுள்ள ஊர்களுக்குத் தூரம் அளந்து, கிட்ட இருக்கும் ஊரின் மூப்பர்கள் ஒரு கிடாரியின் கழுத்தை முறித்து, "எங்கள் கைகள் இந்த ரத்தத்தைச் சிந்தவில்லை" என்று கைகழுவ வேண்டும். மூப்பர்கள் கொலைகாரர்கள் என்று யார் நினைத்தார்கள் என்று மிஷ்னா (தல்மூத்துக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு) கேட்டு, அதற்கு விளக்கமும் தருகிறது: அவன் எங்களிடம் வந்து, உணவில்லாமல் நாங்கள் அனுப்பிவிடவில்லை, துணையில்லாமல் விட்டுவிடவில்லை என்பதே அதன் பொருள். ஆனால் அதே மிஷ்னா, சோத்தா ஒன்பதாம் அதிகாரம், உடல் எல்லைக்குப் பக்கத்தில் கிடந்தால் இந்தச் சடங்கு இல்லை என்கிறது. ஆக எல்லை என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறது. ஓரிடத்தில் வைக்கோலுக்காக ஆயுதம் எடுக்க உரிமை தருகிறது. மற்றதில் பிணத்துக்காகப் பதில் சொல்லும் கடமையிலிருந்து விடுவிக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்கள் முதல் நாவலின் அறக்கேள்வி தானாக எழுந்து நிற்கும். அந்த வைக்கோல் யார் நிலத்தில் விளைந்தது என்ற கேள்வியும் கூடவே வரும். 1884இல் அந்த நிலத்தில் பூர்வகுடிகள் இருக்கிறார்கள். அகோமா பியூப்லோ மக்கள் சாலமன் பீபோ என்ற பிரஷ்ய யூத வணிகரைத் தங்கள் ஆளுநராக ஏற்றதும் அதே பத்தாண்டில்தான். அவர்களை வெறும் ஆபத்தாக மட்டும் காட்டினால் நூல் பாதி பொய்யாகிவிடும்.

சடங்கு இல்லையே தவிர, புதைக்கும் கடமை போகவில்லை. ஆளில்லாமல் கிடக்கும் உடலைத் தலைமை ஆசாரியனே வழியில் கண்டாலும், பிணத்தைத் தொடக் கூடாத அவனே நின்று புதைக்க வேண்டும். கிடந்த இடமே அந்த உடலுக்குச் சொந்தமாகிவிடும், நிலம் யாருடையதானாலும்.

கடைசிக் கேள்வி. மனிதனுக்கு எதிரான குற்றத்தை அவனைச் சமாதானப்படுத்தாமல் யோம் கிப்பூர் தீர்க்காது என்று மிஷ்னா சொல்கிறது. அவன் செத்துவிட்டால், பத்துப் பேரை அழைத்துக்கொண்டு போய்க் கல்லறை முன் நிறுத்தி, இன்னாருக்கு எதிராக இதைச் செய்தேன் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறார் மைமோனிடிஸ். பொதுவாகச் சொன்னால் போதாது, என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். அதாவது அந்தப் பெயரை அவர் மறுபடி வாய்விட்டு உச்சரிக்க வேண்டும். ஏழு குடும்பமே இருக்கும் ஊரில் பத்துப் பேரைச் சேர்க்க ஒவ்வொருவரிடமும் போய் எதற்கு என்று சொல்லித்தான் கூப்பிட முடியும். கல்லறை மூன்று பர்சாவுக்கு, அதாவது ஏறக்குறைய 12 கிலோமீட்டருக்கு, அப்பால் இருந்தால் நேரில் போக வேண்டியதில்லை, ஆள் அனுப்பலாம், அந்த ஆள் அங்கே பத்துப் பேரை நிறுத்தி அவர் சார்பில் சொல்வான்.

உங்கள் இரண்டாவது நாவலில் அந்தக் கல்லறை பல ஒளியாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. கலத்தில் ஒன்பது பேர். முதல் கதையில் அவர் அதைச் சொல்லாமலே செத்திருந்தால், பேரப்பிள்ளை யாரை அனுப்புவான்?